செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கையை யாராவது போட்டோ எடுத்து இன்று ராத்திரிக்குள் அவர்களுக்கு அனுப்பிவிடுவார்கள், தெரியும்.

சேலத்துச் சினிமா மன்றத்தின் அறிக்கையில் மாடர்ன் தியேட்டர்ஸ் பெயர் வராவிட்டால் மூத்தவர்கள் விட மாட்டார்கள். ஆகவே அதை முதலில் முடித்துவிடுகிறேன். டி.ஆர். சுந்தரத்தின் அந்த ஸ்டுடியோதான் 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படத்தையும், 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தையும் கொடுத்தது. இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நம் வருடாந்திர நிகழ்ச்சி இந்த ஆண்டும் இனிதே நடந்தது.

மாதக் கூட்டங்கள் நடந்தன. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்பதால் கூட்டம் இல்லை. நடிகர் டெல்லி கணேஷ், இந்திப் பட இயக்குநர் ஷ்யாம் பெனகல் இருவருக்கும் அஞ்சலி செலுத்தினோம். ஏற்காட்டில் வைப்பதாக இருந்த கோடைத் திரையிடல் நடக்கவில்லை. வேன் செலவுக்குப் பணம் தருவதாகக் கை தூக்கியவர்கள் அப்புறம் போனை எடுக்கவில்லை.

இனி விமர்சனப் பலகை. படிப்பகத்து வாசலில் மாட்டியிருக்கும் இந்தப் பலகையைப் பற்றி ஆண்டு முழுக்க முணுமுணுப்பு இருந்தது. "யூடியூபில் இல்லாததா? இதற்கு எதற்குப் பத்திரிகைச் சந்தா, சாக்பீஸ் செலவு?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். அன்றைக்கு நேரம் இல்லை, இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

பலகையில் இரண்டு பத்தி. இடப்பக்கம் தியேட்டரில் வந்த படம்; தமிழ்ப் பத்திரிகை, ஆங்கிலப் பத்திரிகை, யூடியூப், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்த நம் உறுப்பினர் ஒருவர் என்று ஆளுக்கு ஒரு வரி. வலப்பக்கம் அதே படம் வீட்டுக்கு வந்த பிறகு. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுவதால், முதல் வரியை அழிப்பதற்குள் இரண்டாவது வரியை எழுத முடிகிறது. அன்று சொன்னதும் இன்று சொல்வதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இதை எந்த யூடியூப் சேனலும் செய்வதில்லை. பழைய வீடியோவுக்குக் கீழே யார் போய்த் திருத்தம் எழுதுகிறார்கள்?

இந்த இரண்டாவது பத்திக்கு அவசியம் இல்லை என்பவர்கள் 'அன்பே சிவம்' படத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2003 பொங்கலுக்கு வந்தது, தியேட்டரில் ஓடவில்லை. டிவியிலும் டிவிடியிலும் பார்த்த பிறகுதான் ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. படம் மாறவில்லையே, பார்த்த இடமும் நேரமும்தானே மாறின? பண்டிகைக் கூட்டத்தில் விசில் சத்தத்துக்கு நடுவில் எழுதுவது ஒரு கருத்து. வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதுவது வேறு. இரண்டில் எது சரி என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் வேண்டும் என்கிறேன். நேர்மாறாகவும் நடக்கிறது. தியேட்டரில் காதைப் பிளந்த சண்டைக் காட்சி, வீட்டு டிவியில் அடுப்படி மிக்ஸி சத்தத்தோடு கலந்துவிடுகிறது. கதை இல்லை என்பது அப்போதுதான் தெரிகிறது.

மதிப்பெண் விஷயத்திலும் பலகை கறாராக இருந்தது. காரணம் எழுதாத நட்சத்திரத்தை நான் ஏற்றவில்லை. ஒரு காலத்தில் ஆனந்த விகடன் விமர்சனத்தில் நூற்றுக்குப் போடும் மார்க்கைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்கள். 1977இல் '16 வயதினிலே' வாங்கியதே 62.5தான். இன்றைக்குச் சுமாரான படத்துக்குக்கூட ஐந்துக்கு மூன்றரை போடுகிறார்கள். கணக்குப் போட்டால் அது 70!

விமர்சனங்களைத் தொகுத்துப் போடும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளம் பற்றியும் ஒரு சண்டை நடந்தது. ஆங்கிலப் படம் ஒன்றுக்கு அங்கே 100 சதவீதம் என்றதும், நூற்றுக்கு நூறு வாங்கிய படம் என்று எழுதச் சொன்னார் ஒருவர். அந்த சதவீதம் மதிப்பெண் இல்லை, பிடித்திருக்கிறது என்று எழுதிய விமர்சகர்களின் பங்கு. எல்லோரும் பத்துக்கு ஆறு கொடுத்து "பரவாயில்லை, பார்க்கலாம்" என்றாலும் 100 சதவீதம் வரும். 60 சதவீதம் தொட்டாலே, நல்ல படம் என்பதற்கு அங்கே அடையாளமான சிவப்புத் தக்காளி கிடைத்துவிடும். மெட்டாக்ரிட்டிக் என்ற இன்னொரு தளத்தில் வேறு கணக்கு, அது மதிப்பெண்களின் சராசரி. இதை விளக்கியும் அந்த உறுப்பினர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். சந்தா பாக்கியோடு போனார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

முதல் நாள் முதல் காட்சிக்கே பலகையில் வரி வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் முதல் காட்சியே காலை 9 மணிக்குத்தான். பெங்களூரிலும் பாலக்காட்டிலும் அதிகாலைக் காட்சியைப் பார்த்து முடித்து, நாம் பல் துலக்கும்போதே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களோடு பலகை போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். இன்னொரு பக்கம், முதல் மூன்று நாள் எதுவும் எழுதாதீர்கள் என்று தியேட்டர் தரப்பில் ஒருவர் கேட்டுக்கொண்டார். நம் செயற்குழுவிலேயே ஒருவர் அதற்குத் தலையாட்டியதுதான் எனக்கு வருத்தம். விமர்சனங்களுக்கு மூன்று நாள் தடை வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் தரப்பு கேட்டபோது, 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே மறுத்துவிட்டது. நீதிமன்றம் போடாத தடையை நம் வாசலில் நாமே போட்டுக்கொள்வானேன்? பலகை வழக்கம்போல எழுதப்பட்டது.

விமர்சனம் எழுதித் தருகிறோம் என்று பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் "படம் செம", "மொக்கை" என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். மீதிப் பாதி அதுகூட இல்லை. பல வாரங்களில் நாலு வரியையும் நானே எழுத வேண்டியிருந்தது. கையெழுத்து ஒரே மாதிரி இருக்கிறது என்று அதற்கும் புகார். ஆனால் பலகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கு மட்டும் ஆள் குறைவில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளிலும் அம்மாபேட்டைத் தறிக்கூடங்களிலும் அந்தப் படம் சுற்றுவதாகக் கேள்வி. சந்தோஷம்தான். படிப்பகத்துக்கு வந்து படித்தால் ரசீதுப் புத்தகம் கண்ணில் பட்டுவிடும் என்ற பயம் இருக்கலாம்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சென்ற ஆண்டு இருப்பு, வந்த சந்தா, ஓர் உறுப்பினரின் நன்கொடை ஆகியவை வரவு. பத்திரிகைகள், வாடகை, கூட்டத்துக்குத் தட்டுவடை செட், இதர வகை ஆகியவை செலவு. கையிருப்பு திருப்தி என்று சொல்ல முடியாது, பயப்படவும் வேண்டியதில்லை. இதர வகையில் என்ன என்று கேட்பவர்கள் முதலில் தங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் பாக்கியைப் பார்க்கவும்.

தலைவர், பொருளாளர், படிப்பகத்தை அனுமதித்த கட்டட உரிமையாளர், மைக் செட் வைத்தவர், தேநீர் கொடுத்தவர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வாடகை கூடுகிறது. ஓடிடி சந்தாவையும் மன்றம் கட்டினால்தான் வலப்பக்கப் பத்தியை ஒழுங்காக எழுத முடியும். இதுவரை அது என் மகனின் கணக்கில் ஓடுகிறது, அவனும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான். செயலாளர் பொறுப்பில் நான் தொடர வேண்டும் என்று சிலர் அன்போடு சொல்கிறார்கள். மறுக்கவில்லை. பலகை வேண்டும் என்று கைதட்டுபவர்கள், போகும்போது பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகலாம். அவர் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார், ஜிபேயும் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்