குஞ்சோடு நிற்கும் விரால்

அன்பின் மச்சான்,

இங்கு எல்லாரும் சுகம். பெரியம்மாவுக்குக் காலில் கட்டுப் பிரித்தாச்சு, ஏசுவதற்கும் தெம்பு வந்துவிட்டது. நீ அனுப்பிய காணிக் கடுதாசியைத் தம்பிராசா அண்ணனிடம் குடுத்தேன். நேசன் கதையைப் பிறகு தொலைபேசியில் சொல்றேன். இப்போது வேற விஷயம்.

கார்த்திகை மழைக்கு உன்னிச்சைக் குளத்துப் பக்கம் வயல் வட்டை முழுக்க வெள்ளம். போன கிழமை வாய்க்காலோரம் பன்புல்லுக்குள்ளே ஒரு விரால் குஞ்சோடு நின்றது. ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் உலை கொதிக்கிறாற்போல் துடிக்குது. கிட்டப் போய்ப் பார்த்தால் செம்மஞ்சள் குஞ்சுகள், காற்று எடுக்க மேலே வந்துவந்து இறங்குதுகள். அடியில் பெரியது கறுப்பாக அசையாமல் நிற்குது.

உன்ட மருமகன் தவளை கோர்த்த தூண்டிலைக் குஞ்சுகளுக்கு நடுவிலேயே எறிந்தான். ஒரே பாய்ச்சல்! பசிக்குப் பாயவில்லை மச்சான், குஞ்சை மறித்துப் பாய்ந்தது. அதைப் பிடித்த படம் உனக்கும் வந்திருக்கும், நீயும் 'கெட்டிக்காரன்டா' என்று எழுதியிருப்பாய். பொழுது சாயுமுன் அந்தக் குஞ்சுக் கூட்டம் சிதறிவிட்டது. கொக்கு ஒரு பக்கம், சுங்கான் மீன் ஒரு பக்கம் விழுங்கினதை நின்று பார்த்தேன். அன்றிரவு சோறு இறங்கவில்லை.

ஆணும் பெண்ணும் சேர்ந்து புல்லை ஒதுக்கிக் கூடு கட்டும். முட்டை மிதக்கும், ஓரிரு நாளில் பொரிக்கும். அதற்குப் பிறகும் குஞ்சு தேறுமட்டும் கூடவே திரிந்து காக்கும். கோடையில் குளம் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து பிழைக்கிற சாதி. செவுளுக்கு மேலே காற்றுக்கென்று தனி அறை இருக்குது. அதனால்தான் ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த மடுவுக்கும் போகும். ஆனால் மேலே வரவிடாமல் தண்ணீருக்குள் பிடித்துவைத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும்! இரவு முழுக்க ஒற்றை நைலான் இழையில் பின்னின தங்கூசி வலையில் சிக்கினதுக்கு நடப்பது அதுதான். அந்த வலை சட்டப்படி தடை, ஆனாலும் விடியப்புறம் குளக்கட்டில் போய்ப் பார், காயப் போட்டிருப்பார்கள்.

உலகக் கணக்கில் விரால் அழிகிற இனமில்லைதான். எனக்கு நம்மட வாய்க்கால்தான் கவலை. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து விட்ட திலாப்பியா மீன் குளமெல்லாம் பெருகிக் கிடக்குது. அதன் குஞ்சைத் தின்று மட்டுப்படுத்த விரால் வேணும். விரால் போனால் சின்னச் சின்னத் திலாப்பியாவாக நெருங்கிக் கிடக்கும், பிடிக்கிறவனுக்கும் வரும்படி இல்லை. இதைக் குளத்துச் சங்கக் கூட்டத்தில் எழும்பிப் பேசத்தான் போறேன்.

உன்ட மருமகன் நான் சொன்னால் சிரிக்கிறான், உன்ட சொல்லுக்கு அடங்குவான். நாளைக்கே கூப்பிட்டுச் சொல்லு: மாரி முடியுமட்டும் குஞ்சோடு நிற்கிறதில் கை வைக்கக் கூடாது. தனியாகத் திரிகிற விரால் வட்டைக்குள்ளே தாராளம். அதைப் பிடிக்கட்டும், ஆணம் காய்ச்சினால் நானும் வருவேன்.

உன்ட பதிலைப் பார்த்திருக்கும்,
ரவி