நம்ம வண்டிக்காரங்க சங்கம், மேமியோ (மியான்மர்): 2025 ஆண்டறிக்கை

சங்கத்துப் பெரியவங்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் லாயத்துல கூடமாட உழைக்கிற அக்கா தங்கச்சிகளுக்கும் செயலாளரோட வணக்கம். வரவு செலவை பொருளாளர் அண்ணன் படிப்பாரு, பங்குனி உத்திரத் தண்ணிப் பந்தல் பத்தி எல்லாருக்கும் தெரியும், அதனால நேரா நம்ம வண்டிக் குதிரைங்க விஷயத்துக்கு வந்துடறேன், இந்த வருஷம் நமக்கு வந்த கஷ்டமெல்லாம் காயத்துலதான் வந்துச்சு.

மார்ச் 28 மத்தியானம் மண்டலே பக்கம் 7.7 அளவு பூகம்பம் வந்தப்ப இங்கயும் ஆடுச்சில்ல, அப்ப நம்ம குதிரை வெள்ளச்சி கயித்தை அறுத்துக்கிட்டு ஓடி தகரத்துல மார்பைக் கிழிச்சுக்கிட்டா. கையை உள்ள விடலாம், அவ்வளவு பெரிய கிழிசல். கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்டு நல்லா பீச்சிக் கழுவினோம், சயா, அதான் நம்ம குதிரை டாக்டர், வந்து, நீர் வடியறதுக்கு கீழ்ப்பக்கம் கொஞ்சம் வழி விட்டுத் தைச்சாரு. ஆறாவது நாள் தையல் பாதி விட்டுப்போச்சு, பயந்துட்டோம், ஆனா உள்ள இருந்து சிவப்பா புதுச் சதை ஏறி மழை முடியறதுக்குள்ள மூடிக்கிச்சு, இப்ப தழும்பு மட்டும்தான். மார்புல சதையும் ரத்த ஓட்டமும் ஜாஸ்தி, அதான் காரணம்னு சயா சொன்னாரு.

கறுப்பன் கதை வேற. கணுக்கால் மூட்டு மேல ஒரு சின்ன ஓட்டை, துவரம்பருப்பு அளவுகூட இருக்காது, ரத்தமும் இல்ல. அவனை வெச்சிருந்தவங்க மஞ்சளும் எண்ணெயும் வெச்சுக் கட்டிட்டு எங்கிட்ட சொன்னாங்க, நானும் சின்னக் காயம்தானேன்னு சொல்லிட்டேன், அது இன்னும் என் நெஞ்சுல கெடக்கு. மூணாம் நாள் கட்டைப் பிரிச்சா மஞ்சளா பசை மாதிரி நீர், ரெண்டு விரலுக்கு நடுவுல நூலா இழுபடுது, கால் தரையில ஊனவே மாட்டேங்குது. அது மூட்டுக்குள்ள இருக்கிற நீர். உள்ள கிருமி போயிருச்சுன்னா மயக்கம் கொடுத்து லிட்டர் லிட்டரா சலைன் விட்டுக் கழுவணும், அதுவும் முதல் நாளே. நமக்கு நேரமும் இல்ல வசதியும் இல்ல, கறுப்பனை காப்பாத்த முடியல. அதனால காயம் எவ்வளவு பெரிசுன்னு பாக்காதீங்க, எந்த இடத்துலன்னு பாருங்க. மூட்டுகிட்ட, தசைநார்கிட்ட, குளம்பு அடியில எது குத்தினாலும் அன்னிக்கே ஃபோன் போடுங்க, நடுராத்திரின்னாலும் பரவாயில்ல. உள்ளங்குளம்புல ஏறின ஆணி உள்ளயே இருந்தா, இன்னும் ஆழமா ஏறாம பாத்துக்கிட்டு சயா வர்ற வரைக்கும் புடுங்காம விட்டா நல்லது, எவ்வளவு ஆழம் எந்தப் பக்கம்னு அவருக்கு அதுலதான் தெரியும்.

இன்னொரு குதிரைக்கு பின்னங்கால் காயத்துல துர்மாமிசம், அதாவது அளவுக்கு மீறி வளர்ற சதை, காலிஃப்ளவர் மாதிரி வளந்துருச்சு, முழங்காலுக்குக் கீழ இது சீக்கிரம் வரும். மயில்துத்தம் வெச்சதுல ஓரத்துல வந்த நல்ல தோலும் வெந்துபோச்சு. சயா கத்தியால சீவினப்ப ரத்தம் கொட்டுச்சு, குதிரை காதைக்கூட அசைக்கல, அந்தச் சதையில உணர்ச்சி நரம்பு கிடையாதாம். தயவுசெஞ்சு துத்தம், சுண்ணாம்பு, எஞ்சின் ஆயில் மூணையும் காயத்துகிட்ட கொண்டுபோகாதீங்க.

காயடிச்ச குட்டி ஒண்ணை பாவமேன்னு நாலு நாள் கட்டியே வெச்சிருந்தாங்க, வெட்டின காயத்தோட வாய் மூடிக்கிட்டு உள்ள நீர் தேங்கி அடிவயிறு வரைக்கும் வீங்கிருச்சு. சயா அந்தக் காயத்தோட வாயைத் திறந்து விட்டு நடக்க வெச்சதும் வடிஞ்சுது. மறுநாள்லேருந்தே காலையும் சாயங்காலமும் நடத்தணும். ரத்தம் சொட்டுச் சொட்டா எண்ண முடிஞ்சா சரி, எண்ண முடியாம ஒழுகிக்கிட்டே இருந்தா உடனே கூப்பிடுங்க. குடல் எட்டிப் பாத்தா சுத்தமான ஈரத்துணியில தாங்கிப் பிடிச்சுக்கிட்டு கூப்பிடுங்க.

கடைசியா டெட்டனஸ். அந்தக் கிருமி மண்ணுலயும் சாணியிலயும் எப்பவும் கெடக்கு, குதிரை மாதிரி அதுக்குச் சீக்கிரம் விழற மிருகம் கம்மி. கண் ஓரத்துலேருந்து வெள்ளைச் சவ்வு பாதிக் கண்ணை மூடுச்சுன்னா, வால் விறைச்சு நின்னா, அதுதான். தடுப்பூசி ரெண்டு, நடுவுல நாலு வாரம், அப்புறம் வருஷா வருஷம். ஊசி மருந்து மண்டலேலேருந்து ஐஸ் பெட்டியில வரணும், அதுக்குத் தனி நிதி ஒதுக்கணும்னு இந்தக் கூட்டத்துல கேட்டுக்கறேன். முதல் ஊசி போட்டுட்டு ரெண்டாவதுக்கு வராதவங்க வீட்டுக்கு நானே வரேன், குதிரையை கொஞ்சம் பிடிச்சுக் குடுத்தா போதும்.