எங்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

போன வாரம் ஐசியுவில் ஒரு புது சிஸ்டருக்கு மெமோ கொடுத்தீர்கள். எதற்கென்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதை இங்கே எழுதி அவரை இன்னொரு முறை அழவைக்க எனக்கு மனமில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்து 26 நாள் ஆகிறது. அன்று இரவு அவர் பொறுப்பில் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் 2 பேர். இந்த இரண்டு எண்களும் மெமோவில் இல்லை.

20 மாதங்களுக்கு முன்னால் அதே இடத்தில் நான் நின்றேன். எனக்கு மெமோ வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு அது நான்காவது வாரம். இரவு 3 மணி தாண்டியிருக்கும். ஒருவருக்கு நோர்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய ரத்த அழுத்தம் அந்த ஒரு மருந்தை நம்பித்தான் நின்றது. சிரிஞ்ச் தீரப்போகிறது என்று பம்ப் கத்த ஆரம்பித்தது. அதே நேரம் பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்குக் குழாயில் சளி அடைத்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் 84 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. எதற்கு முதலில் ஓடுவது? சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷனுக்குப் போனேன். 15 விநாடிக்கு மேல் போகக் கூடாது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே செய்தேன். அதைச் சரியாகத்தான் செய்தேன். திரும்பி வந்து சிரிஞ்சை மாற்றி, ஸ்டார்ட்டை அழுத்தி, பம்ப் ஓடுவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். மானிட்டரில் அவருடைய சராசரி ரத்த அழுத்தம் 65, 58, 49 என்று சரிந்துகொண்டே போனது.

பம்ப் ஓடுகிறது, மருந்து உள்ளே போகவில்லை. புது சிரிஞ்சைப் பொருத்தியதும், பம்புக்கும் அதன் தண்டுக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளி நீங்கி பம்ப் தண்டைப் பிடித்துத் தள்ளத் தொடங்கவே சில நிமிடம் ஆகலாம். இந்த மருந்தின் வேலையோ ஓரிரு நிமிடத்தில் வடிய ஆரம்பித்துவிடும். அதனால்தான் பழையது தீருமுன்பே இரண்டாவது பம்பில் புதியதை ஓடவிட்டு மாற்றுகிறார்கள். இதை எனக்குச் சொல்லித்தந்தவர், தன் நோயாளியை விட்டுவிட்டு ஓடிவந்து என் நோயாளியைக் காப்பாற்றிய சீனியர் சிஸ்டர். சொல்லித்தந்தது எல்லாம் முடிந்த பிறகு. மணிக்கு ஒரு முறை எழுதும் சார்ட்டில் 3 மணிக்கும் 4 மணிக்கும் அழுத்தம் அழகாக இருக்கிறது, நடுவில் நடந்தது அதில் இல்லை. காலையில் டூட்டியை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் ‘நைட் எப்படி’ என்று கேட்டபோது, என் கை நடுங்குவது தெரியாமலிருக்கப் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஐசியுவுக்குப் புதிதாக வருகிறவரை முதல் 3 மாதம் டூட்டி எண்ணிக்கையில், அதாவது நோயாளிகளைத் தனியாகப் பார்க்கும் செவிலியர்களின் கணக்கில், சேர்க்காதீர்கள். ஒரு சீனியரோடு சேர்ந்து, அவருடைய நோயாளிகளையே இவரும் பார்க்கட்டும்.

புதியவர்களுக்கு ஓரியன்டேஷன் பயிற்சி இருக்கிறதே என்பீர்கள். ஏட்டில் 6 வாரம் இருக்கிறது. யாராவது லீவு போட்டால் ஒன்பதாவது நாளே முடிந்துவிடுகிறது. சொல்லித்தர வேண்டிய சீனியருக்கும் தனியாக இரண்டு நோயாளிகள். அவர்தான் எத்தனை பக்கம் திரும்புவார்? செவிலியத் துறை அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984இலேயே சொன்னதை எங்களுக்கு வகுப்பெடுத்ததே நீங்கள்தான், மேடம். ஒரே மாதிரியான வேலையில் 2, 3 ஆண்டுகள் இருந்த பிறகுதான் ஒரு செவிலியர் ‘திறனுள்ளவர்’ (competent) என்ற படிக்கே வருகிறார். நாங்கள் மூன்று மாதம்தான் கேட்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புது வென்டிலேட்டர் வந்தபோது கம்பெனியிலிருந்து ஆள் வந்து, முதலில் நுரையீரலுக்குப் பதிலாக ஒரு ரப்பர் பையில் மாட்டி ஓட்டிப் பார்த்தார். அளவு சரியா, அலாரம் அடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மனிதருக்கு மாட்டினோம். புது சிஸ்டருக்கு அந்த ரப்பர் பை யோகம்கூட இல்லை. பெட்டியைப் பிரித்ததும் நேராக நைட் டூட்டி! மே 12, செவிலியர் தினத்தன்று மட்டும் கேக் வெட்டி, தேவதைகள் என்று மைக்கில் சொல்கிறீர்கள். கேக் நன்றாகத்தான் இருந்தது. அந்த மதியம் அதைச் சாப்பிட வர முடியாமல் படுக்கையருகே நின்றவர்களுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கத்தான் யாருக்கும் நினைவில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். ஆள் பற்றாக்குறை உங்களுக்கும் தலைவலிதான், தெரியும். ஆனால் இப்படிச் சேர்க்கிறவர்கள் ஆறு மாதத்தில் கிளம்பிவிடுகிறார்கள். என்னோடு சேர்ந்த ஐந்து பேரில் இப்போது இருப்பது நானும் இன்னொருவரும்தான். பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது என்பதை அங்கேயும் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

அடுத்த மாதம் மூன்று பேர் புதிதாகச் சேர்கிறார்கள். டூட்டி அட்டவணை போடும்போது அவர்கள் பெயரை எண்ணிக்கைக்கு வெளியே, ஒரு சீனியரின் பெயருக்குப் பக்கத்தில் எழுதும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மெமோவுக்குப் பதில் எழுத அந்த சிஸ்டருக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குள் நீங்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் ஐசியு செவிலியர்களில் ஒருத்தி