படத்தின் கீழ் வரைந்தவர் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் ஓவியங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட கண்காட்சி ஒன்றுக்கு அண்மையில் இரண்டு நாட்கள் தொடர்ந்து சென்று வந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில், அங்கே என்னை நெகிழ வைத்ததையும் வருந்த வைத்ததையும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

நுழைவாயிலை ஒட்டிய பலகைகளில் மலையும் ஆறும் உதயசூரியனும் வரிசையாக இருந்தன. அவற்றைக் கடந்து படிக்கட்டின் ஓரம், வெளிச்சம் குறைந்த மூலையில், ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் கரித்துண்டால் தீட்டிய படம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. தாள் முழுவதும் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான். காரை பெயர்ந்த திட்டுகள், மழைநீர் வழிந்த கறை, குறுக்கே ஓடும் குழாய், அதன் மூட்டில் முளைத்திருக்கும் ஒரு சிறு செடி என எல்லாம் பொறுமையாகப் பதிவாகியிருந்தன. மேல் விளிம்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தாளின் வெண்மை தொடப்படாமல் விடப்பட்டிருந்தது. அதுதான் வானம். நெருக்கமான குடியிருப்பில் சன்னலைத் திறந்தால் எவ்வளவு வானம் கிடைக்குமோ, அவ்வளவு. பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர், "மேலே கொஞ்சம் நீலம் பூசியிருக்கலாம்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், ஆனால் நீலம் பூசியிருந்தால் அந்தப் படத்தின் உயிரே போயிருக்கும்.

அந்தப் படத்தின் கீழே பள்ளியின் பெயரும் வகுப்பும் ஒரு வரிசை எண்ணும் இருந்தன. வரைந்தவரின் பெயர் இல்லை. அவர் மாணவனா மாணவியா என்றுகூட அறிய வழியில்லை. நான்கு மூலைகளிலும் செலோடேப் ஒட்டியிருந்ததால் தாள் சுருண்டு முன்னால் வளைந்திருந்தது. கரி உதிராமல் காக்கும் பிக்சேட்டிவ் தெளிக்கப்படாததால், கடந்து போனவர்களின் தோள் உரசி, இரண்டாம் நாள் மாலைக்குள் வலப்பக்கச் சுவர் பாதி மங்கிவிட்டது. மற்ற பெரும்பாலான படங்களுக்கும் இதே நிலைதான். மாணவரின் படைப்பாக வைக்கப்படவேண்டிய ஓவியம், பள்ளியின் சாதனைக்குச் சான்றாக மட்டும் வைக்கப்படுகிறது என்பதே என் மனக்குறை.

இந்த மனப்போக்கு வகுப்பறையிலேயே தொடங்கிவிடுகிறது. கண்காட்சி நெருங்கும்போது, பள்ளிக்கு நல்ல பெயர் வரவேண்டும் என்ற அக்கறையில், ஆசிரியர்கள் மாணவர் படங்களுக்கு 'டச்சப்' செய்வது நெடுநாள் வழக்கம். பத்துப் படங்களில் ஒரே மாதிரி இலை, ஒரே மாதிரி நிழல் தெரிந்தால் அது யார் கை என்பது ஓவியம் பழகிய எவருக்கும் விளங்கும். பணியில் சேர்ந்த தொடக்கத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன். நான் திருத்திய படத்துக்குப் பரிசு கிடைத்த நாளில், அந்த மாணவன் மேடையிலிருந்து இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்காமல் போனதை இன்றளவும் மறக்க முடியவில்லை.

இங்கிலாந்தின் தொழில்நகரமான டட்லியில், பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் 1912 முதல் ஓவியம் கற்பித்தவர் மரியன் ரிச்சர்ட்சன். ஒரு காட்சியைச் சொற்களால் விவரித்து, மாணவியரைக் கண்மூடிக் கேட்கச் செய்து, மனக்கண்ணில் தோன்றியதை வரையச் சொல்வது அவர் கையாண்ட முறை. 1917இல் ஓவியரும் கலை விமர்சகருமான ரோஜர் ஃப்ரை, லண்டனில் தாம் நடத்திய ஒமேகா பட்டறையில் சிறுவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்திருந்தபோது, தம் மாணவியரின் படங்களை ரிச்சர்ட்சன் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஃப்ரை அவற்றை விரும்பி ஏற்றுத் தம் கண்காட்சியில் சேர்த்துக்கொண்டார். அந்தப் படங்களில் ஆசிரியையின் திருத்தம் தெரிந்திருந்தால் அவர் இரண்டாம் முறை பார்த்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 13ஆம் பிரிவும், தன் கருத்தைக் கலை வடிவில் வெளிப்படுத்தும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று வெளிப்படையாகவே கூறுகிறது.

ஆகவே, இத்தகைய கண்காட்சிகளை நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு படத்தின் கீழும், மாணவர், பெற்றோர் ஆகியோரின் இசைவோடு, வரைந்தவரின் பெயரையும் அவரே இட்ட தலைப்பையும் எழுதுங்கள். முடிந்தால், அதை ஏன் வரைந்தார் என்பதை அவர் வாய்மொழியாகவே இரண்டு வரியில் சேருங்கள். சொல் பிழைபட்டிருந்தாலும் திருத்தி மெருகேற்ற வேண்டாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 செ.மீ. உயரத்தில் இருந்தால், நிற்பவர் கழுத்தை வளைக்காமல் பார்க்கலாம். தடித்த அட்டையில் மவுண்ட் செய்வதற்கும் ஒரு புட்டி பிக்சேட்டிவ் வாங்குவதற்கும் ஆகும் செலவு, வாயிலில் கட்டும் ஒரு பேனரின் செலவைவிட மிகுந்துவிடாது. நீர்வண்ணப் படங்களை நேர் வெயில் படும் சன்னலுக்கு எதிரே மாட்டவே கூடாது; அருங்காட்சியகங்களில் இவ்வகைப் படங்களுக்கு 50 லக்ஸ் (ஒளிச்செறிவை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் ஒளி விழாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். அரங்கில் அவ்வளவு துல்லியம் இயலாவிட்டாலும், ஒரு திரைச்சீலை போடலாம்.

பரிசு பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மூன்று படங்களுக்குப் பரிசு அட்டை தொங்கினால், வருகிறவர்கள் அந்த மூன்றின் முன்னால் மட்டும் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதை அந்த இரண்டு நாளும் கண்ணால் கண்டேன்.

கண்காட்சி முடிந்த பிறகு படங்கள் எங்கே போகின்றன என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்வி. மூட்டையாகக் கட்டி ஏதோ ஓர் அறையில் போடப்பட்டு, மறு ஆண்டு பழைய தாளோடு சேர்ந்து வெளியேறிய படங்கள் பலவற்றை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். எதிர்க் கட்டடச் சுவரைக் கரித்துண்டால் தீட்டிய அந்தப் படத்தை வரைந்தவர் யார் என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். பட்டியல் பள்ளியில் இருக்கும் என்றார். அந்தப் பட்டியலைத் தேடி எடுத்து, கரி மேலும் உதிருமுன் அந்தத் தாளை உரியவர் கையில் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்