பேச்சில் குறை இல்லை, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும், கூடவே உன் பையன், நம் தம்பி, தன் மரச்செக்கு எண்ணெய்த் தொழிலுக்கு முதலீடு கேட்டுப் போட்ட 22 பக்க பிரசன்டேஷனும் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் கோபம் ஒன்றும் காரணமில்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஆபரேஷன் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது, அதற்கப்புறம் உன் தங்கச்சி போட்ட காவல்தான் ஒரு வாரம் நீண்டது. பேப்பரைக்கூட அவள்தான் படித்துக் காட்டினாள், அதுவும் தனக்குப் பிடித்த செய்திகளை மட்டும். நேற்றுதான் கண்ணாடி வந்தது. முதல் வேலையாகத் தம்பியின் 22 பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன்.

கோயம்புத்தூரில் அந்த முதலீட்டாளர்கள் "நல்ல பிரசன்டேஷன், ஆறு மாசம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்களாம். "முப்பது வருஷம் பேங்கில் புராஜெக்ட் ரிப்போர்ட் படித்தவன் நீ, வார்த்தைகளைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொடு" என்று எழுதியிருக்கிறாய். வார்த்தைகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, மாப்ளே. படங்கள் அருமை. வாகை மரத்துச் செக்கு, நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போடுகிற கை, பாட்டி, பேரன். எனக்கே ஒரு லிட்டர் வாங்கலாமா என்று தோன்றியது. சிக்கல் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. "நம் வாடிக்கையாளர் யார்?" என்று கேட்டு, அதற்குக் கீழே இல்லத்தரசிகள், உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள், உணவகங்கள், வெளிநாட்டுத் தமிழர்கள் என்று நாலு வட்டம் போட்டிருக்கிறான். அடுத்த பக்கத்தில் சூப்பர் மார்க்கெட், ஆன்லைன், சொந்தக் கடை, ஏற்றுமதி. எங்கே விற்பது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை, அவ்வளவுதான். அந்த முடிவை எடுக்காமல் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், எதிரில் உட்கார்ந்திருப்பவன் ஒரே கேள்வியில் பிடித்துவிடுவான்.

நான் அப்படிப் பிடிக்காமல் விட்ட கதை ஒன்று உண்டு. உன்னிடம் சொன்னதில்லை, வெட்கம். லோன் செக்‌ஷனுக்கு வந்த புதிதில், தென்னைநார் யூனிட் போடுகிறேன் என்று ஒருவர் வந்தார். கம்பீரமான ஆள், பேச்சும் அப்படி. ரிப்போர்ட் ஆடிட்டர் ஆபீஸில் டைப் அடித்து பைண்டு பண்ணியது. முதல் வருஷம் உற்பத்தித் திறனில் 60 சதவீதம், அடுத்து 70, அடுத்து 80. கடன் திருப்பிக் கட்டும் விகிதம், அதாவது கட்ட வேண்டிய தவணையைப் போல எத்தனை மடங்கு வருமானம் என்பது, அச்சடித்தாற்போல் 1.75. மானேஜர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். இரண்டாம் வருஷம் கணக்கு வாராக்கடனாகி ஃபைலைத் திரும்ப எடுத்தபோதுதான் ஏழாம் பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். "விண்ணப்பதாரர் தமது பேக்கரியை விரிவுபடுத்த" என்று இருந்தது. யாரோ ஒரு பேக்கரிக்காரருக்குப் போட்ட ரிப்போர்ட்டில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நாரை யாரிடம் விற்பது, மட்டை கிடைக்காத மாசத்தில் என்ன செய்வது, எதையும் அவர் யோசித்ததில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. அதற்கப்புறம் எந்த ரிப்போர்ட் வந்தாலும் கடைசிப் பக்கத்துக் கணக்கை முதலில் பார்ப்பதில்லை. ஏனென்றால் அந்த 60, 70, 80 எல்லார் ரிப்போர்ட்டிலும் இருக்கும். வேண்டிய விகிதத்தை முதலில் எழுதிவிட்டு மேலே உள்ள எண்களை அதற்கேற்ப நிரப்புகிற வித்தை எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

சரி, இதற்கு நேர் எதிரான கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் வங்கிக்காரன் பக்கத்திலிருந்து கேட்டிருக்க மாட்டாய். கடலூர் சி.கே.ரங்கநாதன், சிக் ஷாம்பு. அப்பா சின்னி கிருஷ்ணன் பெயரின் முதல் எழுத்துகள்தான் அந்த 'சிக்'. 1983ல் 15 ஆயிரம் ரூபாயோடு தனியாக வந்தவர். அடமானம் வைக்க ஒன்றுமில்லை, எந்த வங்கியும் கடன் தரவில்லை. ஒரே ஒரு வங்கி 25 ஆயிரம் கொடுத்தது. அந்த மானேஜர் விண்ணப்பத்தில் எழுதிய குறிப்பைப் பற்றி ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார்: இவரிடம் அடமானம் இல்லை, ஆனால் மற்ற சிறு கம்பெனிகளைப் போல இல்லாமல் வருமான வரி கட்டுகிறார். வேலையில் இருந்த காலத்தில் புதிதாக வந்த பையன்களுக்கெல்லாம் நான் இதைச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பேச்சும் காட்ட முடியாத ஒன்றை அந்த மானேஜர் காகிதத்தில் பார்த்துவிட்டார்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் காலி சாஷே திட்டம். எந்தக் கம்பெனி சாஷேயானாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும் என்று மாற்றினார். மாசம் 35 ஆயிரமாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனதாக அவர் சொல்லியிருக்கிறார். பாட்டிலில் வாங்குகிற பட்டணத்துக்காரர்களை அவர் துரத்தவே இல்லை. கிராமத்தில், அதுவரை ஷாம்பு போடாத தலைகளைத் தேடிப் போனார், பள்ளிக்கூடத்துப் பையன்களை உட்கார வைத்துத் தலைக்குத் தேய்த்துக் காட்டினார். யாரிடம் விற்கப்போகிறோம் என்று தெரிந்த ஆளுக்கு 22 பக்கம் எதற்கு? டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

பேச்சு பிரமாதமாக இருந்தும் போன கதை வேண்டுமானால் நானோவை எடுத்துக்கொள். 2008 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ரத்தன் டாடா அந்த வண்டியோடு மேடையேறியதை நீயும் நானும் டிவியில் பார்த்தோம். ஒரே ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போகும் குடும்பம், அவர்களுக்கு ஒரு லட்ச ரூபாயில் கார். அதைவிடச் சிறந்த பேச்சை நான் கேட்டதில்லை. ஆனால் அந்த ஸ்கூட்டர் குடும்பம் கார் வாங்குவது மழைக்காக மட்டுமில்லையே? தெருவில் நாலு பேர் பார்க்க வேண்டும். நாட்டிலேயே மலிவான காரில் போய்க் கல்யாண மண்டபத்தில் இறங்க யாருக்கு மனசு வரும்? மலிவான கார் என்று விற்றது தவறு என்று பின்னால் ரத்தன் டாடாவே ஒப்புக்கொண்டார். மேற்கு வங்கத்துச் சிங்கூரிலிருந்து குஜராத்துச் சானந்துக்கு ஆலையை மாற்ற நேர்ந்ததும் சேர்ந்துகொண்டது. வருஷத்துக்கு இரண்டரை லட்சம் வண்டி போடக் கட்டிய ஆலை, 2018ல் அதில் நானோ உற்பத்தி நின்றுபோயிற்று.

இனி தம்பியின் கணக்குக்கு வருகிறேன். அவன் கொடுத்த எண்களையே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குப் பருப்பு இரண்டரைக் கிலோ, கிலோ 130 வீதம் 325. புண்ணாக்கு விற்று 55 திரும்பி வரும், ஆக 270. ஆட்டுகிற ஆள், கரண்டு 20. பாட்டில், லேபிள், அட்டைப்பெட்டி 15. மொத்தம் 305. பாட்டிலில் போட்ட விலை 380. வீட்டுக்கே வந்து வாங்கினால் 75 ரூபாய் நிற்கிறது. சூப்பர் மார்க்கெட்டுக்கு 22 சதவீதம் கமிஷன் என்று அவனே எழுதியிருக்கிறான், அது 84. மீதி 296. லிட்டருக்கு 9 ரூபாய் கையிலிருந்து போகிறது, மாப்ளே. ஜி.எஸ்.டி.யையும் லாரி வாடகையையும் நான் இன்னும் தொடவே இல்லை. இந்த லட்சணத்தில் அவன் 200 சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகக் காசு கேட்கிறான். முதலீட்டாளர்கள் மரியாதையானவர்கள், ஆறு மாசம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. போன ஐப்பசியில் உன் வீட்டுக்கு வந்தபோது ஒரு காலை நேரம் செக்கடியில் உட்கார்ந்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ ரேஷன் கடைக்குப் போயிருந்தாய். இரண்டு மணி நேரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். நான் எண்ணினேன், பழைய பழக்கம். மூன்று பேர் பாட்டில் வாங்கினார்கள். ஆறு பேர் பையில் சொந்தப் பருப்போ கொப்பரையோ கொண்டுவந்து கூலிக்கு ஆட்டிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா ஸ்டூலைச் செக்குக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் பருப்பு உள்ளே போனதிலிருந்து எண்ணெய் தூக்குவாளியில் விழுகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. புண்ணாக்கையும் விடாமல் கட்டி எடுத்துக்கொண்டு போனார், வீட்டில் மாடு இருக்கும்போல. கிலோவுக்கு 20 ரூபாய் கூலி. அதாவது ஒரு லிட்டருக்கு 50, ஆளும் கரண்டும் போக 30 நிற்கும். பருப்பில் ஒரு பைசா முடங்காது, பாட்டில் வேண்டாம், விற்காத சரக்கு திரும்பி வராது. அந்த ஆறு பேரைப் பற்றி 22 பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை!

ஏன் எழுதவில்லை என்று போனில் கேட்டேன். "அது சில்லறை வேலை மாமா, ஸ்கேல் ஆகாது" என்றான். எனக்கென்னவோ அவனிடம் இருக்கிற ஒரே பலம் அந்த ஸ்டூல்தான் என்று படுகிறது. கலப்படப் பயத்தில் ஜனங்கள் லேபிளை நம்பாமல் கண்ணை நம்பி வருகிறார்கள். அப்படியானால் அடுத்த பணம் 200 கடை அலமாரிக்குப் போக வேண்டுமா, இன்னும் இரண்டு பேட்டையில் செக்குப் போடப் போக வேண்டுமா? இரண்டாவதுதான் என்றால், முதலீட்டாளர் வீட்டு வாசலே தப்பு. அவர்களுக்கு ஐந்து வருஷத்தில் பத்து மடங்காக வேண்டும். இரண்டு செக்குக்கு வங்கியே போதும். மத்திய அரசு 2020ல் கொண்டுவந்த உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் 35 சதவீதம் மானியம், 10 லட்சம் வரை, கொடுத்தார்கள்; இப்போதும் உண்டா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் ஒன்று, மானியம் கிடைக்கிறதே என்பதற்காக மெஷினைப் பெரிதாகப் போட்டுவிட வேண்டாம். அப்படிப் பெரிதாகப் போட்டுப் பூட்டிக் கிடக்கும் ஷெட்டுகளைப் பார்த்தவன் நான்.

கூலிக்கு ஆட்டுவது ஆறில் எத்தனை பேரைத் திரும்பக் கொண்டுவருகிறது என்று எனக்குத் தெரியாது, தம்பிக்கும் தெரிந்திருக்காது. ஒரு நோட்டுப் போட்டு இரண்டு மாசம் பெயர், தேதி, கிலோ, எந்தத் தெரு என்று மட்டும் எழுதி வைக்கச் சொல். ஒருவேளை நான் நினைப்பது முழுக்கத் தப்பாகவும் இருக்கலாம், அப்போது பாட்டில் பக்கமே போகட்டும். எதுவானாலும் அந்த நோட்டு கையில் இருந்தால் பேசும்போது குரல் தானாக மாறும். தம்பி பிரசன்டேஷன் கொடுத்த வீடியோவில் கடைசியில் வேகமாகப் பேசுகிறான், கவனித்தாயா? கூச்சமில்லை அது. கேள்வி வந்துவிடுமோ என்கிற அவசரம்.

என் தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? நீ எழுதவே இல்லை, பையன் கதையே நாலு பக்கம். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறோம், எதிர்சேவை பார்க்க வேண்டும் என்று இவள் இப்போதே சொல்லிவிட்டாள். இடது கண்ணையும் அதற்குள் முடித்துவிடுவார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் தம்பி என்னோடு உட்காரட்டும். லேப்டாப் வேண்டாம், நோட்டை மட்டும் எடுத்து வரச் சொல். நான் போகும்போது இங்கிருந்து இரண்டு கிலோ எள்ளு கொண்டு வருகிறேன், கூலிக்கு ஆட்டித் தரட்டும். ஸ்டூலும் வேண்டும்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்