நொகலாகேவியையும் காட்டுங்கள்

ஐயா,
கடந்த ஞாயிறு இணைப்பில் வெளியான ஜார்ஜியா நாட்டுப் பயணக் கட்டுரை தலைநகர் திபிலீசியோடும் ஒயினோடும் முடிந்துவிட்டது. மேற்கே தெகூரி ஆற்றங்கரைக் குன்றில் நிற்கும் பழைய கோட்டை நகரான நொகலாகேவிக்கு ஒரு வரிகூட இல்லை. மேற்கு ஜார்ஜியாவின் பழைய லாசிக்கா அரசின் தலைநகராக இருந்த அந்த ஊரைக் கிரேக்கர்கள் 'ஆர்க்கியோபோலிஸ்', அதாவது 'பழைய நகரம்' என்றனர். கி.பி. 551-இல் பாரசீகத் தளபதி மெர்மெரோஸ் யானைப்படையுடன் வந்து முற்றுகையிட்டார். சண்டையின் நடுவே ஒரு யானை மிரண்டு சொந்தப் படையையே கலைத்துவிட, அவர் தோற்றுத் திரும்பினார். ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கும் மகளைப் பார்க்கச் சென்றபோது நானும் அங்கே போனேன். கிழக்கு வாயிலருகே அடுத்தடுத்து மூன்று மதில்கள். வெவ்வேறு காலத்தில் எழுந்தவை. என்னைக் கவர்ந்தவை மதில்கள் அல்ல, பாறையைக் குடைந்து ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டுதான். முற்றுகைக் காலத்தில் குடிநீர் எடுக்க உதவிய வழி அது. கைப்பிடிச் சுவரில் ஈரம் கசிந்தது. என் முழங்கால் வலித்தது, அது வேறு கதை.

கோட்டை என்றால் கோபுரப் படம் போதும் என்று பயணக் கட்டுரைகள் நினைக்கின்றன. தண்ணீர் எப்படி வந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. அடுத்த முறை வரைபடத்தோடு இந்த நீர்வழியைப் பற்றி ஒரு பக்கமாவது வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், மதுரை