ஒட்டாவாவுக்கு வேலைக்குப் போன மகளுக்கு

அன்புள்ள மகள்,

ஞாயிற்றுக்கிழமை போனில் "எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரின் அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, உங்களுக்குக் கோபமில்லையே அப்பா?" என்று நீ கேட்டபோது நான் உடனே பதில் சொல்லவில்லை. நீ அதைக் கோபம் என்று நினைத்திருப்பாய். இல்லை பிள்ளை. பழைய விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்துவிட்டன. போனில் எனக்குக் கோர்வையாகக் கதைக்க வராது, அதனால் எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு "அந்தக் கை வெட்டுக் கதையையும் எழுதுங்கோ" என்கிறா. எழுதத்தான் போகிறேன்.

உன் எம்.பி.யின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஒரு தாத்தா உண்டு, ரிஃபோர்ம் கட்சி. 1993 கனடாத் தேர்தலில் அவர்கள் 52 இடம் பிடித்தார்கள், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரே ஒரு இடம். நாங்கள் பிரஜாவுரிமை எடுத்து முதல் வாக்குப் போட்ட தேர்தல் அது. ஸ்காபரோவில் எங்கள் ஆட்களிடம் அந்தக் கட்சியின் பெயரையே சொல்ல முடியாது. வருஷத்துக்கு இரண்டரை இலட்சம் பேரை எடுக்கிற குடிவரவை ஒன்றரை இலட்சமாகக் குறைக்க வேண்டும் என்று சொன்னவர்கள் அவர்கள். உன் சித்தப்பாவின் பத்திரங்கள் அப்போது இன்னும் முடியவில்லை. நான் லிபரல் கட்சிக்குத்தான் போட்டேன், அதற்காக இன்றைக்கும் வருந்தவில்லை.

ஆனால் அந்தக் கட்சியின் தலைவர் பிரெஸ்டன் மானிங் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு விஷயங்கள் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தன. ஒன்று, பட்ஜெட்டில் விழுகிற துண்டை மூன்று வருஷத்தில் பூச்சியமாக்க வேண்டும் என்பது. மற்றது, குற்றத்தில் அடிபட்டவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் சட்டத்தில் உரிமை வேண்டும் என்பது. முதலாவது எங்களைக் கடித்தது, இரண்டாவது நான் கேட்க நினைத்ததையே கேட்டது. இந்த இரண்டையும் ஒரே வாய்தான் சொன்னது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல வருஷம் எடுத்தது.

கடன் என்றால் என்னவென்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. சீட்டுக் கழித்து எடுத்த காசில் வட்டி கட்டி, வட்டி கட்டியதால் வாடகைக்குக் குறைந்து, வாடகைக்காக இன்னொரு இடத்தில் கைமாற்று வாங்கியவன் நான். அந்த நேரம் நாடும் அப்படித்தான் இருந்தது. வருஷத்துக்கு 40 பில்லியன் டொலர் அளவில் துண்டு விழுந்தது, வருகிற வரிப்பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போனது. அதனால் மானிங் சொன்ன கணக்கு பிழை என்று நான் அப்போதும் சொல்லவில்லை. கடைசியில் அதைச் செய்தது லிபரல் நிதியமைச்சர் போல் மார்ட்டின். 1995 பெப்ரவரி பட்ஜெட்டில் மத்திய அரசில் 45,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தார், வைத்தியத்துக்கும் படிப்புக்கும் மாகாணங்களுக்குப் போகிற காசையும் வெட்டினார். மூன்று வருஷத்துக்குள் துண்டு இல்லாமல் போனது. ரிஃபோர்ம்காரர் இது காணாது, இன்னும் வேகமாக வெட்டு என்று நின்றார்கள். மாகாண அரசும் அதே காலத்தில் தன் பங்குக்கு வெட்டியது.

அம்மா அப்போது ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டு அடுக்குகிற வேலை. கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது இரண்டாகியது. உன்னை நீச்சல் வகுப்பிலிருந்து நிறுத்தினோம், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் குளிர், காது குத்தும் என்று சொல்லி நிறுத்தினோம். காதுக்கு ஒன்றுமில்லை. மாதம் 38 டொலர் இல்லை.

சரி, கைக்கு வருகிறேன். என் இடது உள்ளங்கையில் இருக்கிற கோட்டைச் சின்ன வயதில் நீ விரலால் தடவித் தடவிக் கேட்பாய், மீன் டின் வெட்டியது என்று சொல்லியிருக்கிறேன். அது 1996 மார்கழியில் நான் ஓட்டின டாக்சிக்குள் பின்சீட்டில் இருந்தவன் கழுத்துக்குக் கத்தியைக் கொண்டுவந்தபோது நான் அலகைப் பிடித்ததில் வந்தது. 80 டொலர் கொண்டுபோனான். பொலிஸ் இரண்டு கிழமையில் பிடித்தது, பத்தொன்பது வயதுப் பொடியன். வழக்குத் தேதி ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள். அன்றைக்கு ஓட்டத்துக்குப் போகாமல், அம்மா மினுக்கித் தந்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, என்ன சொல்ல வேண்டும் என்று இங்கிலிஷில் ஒரு கடதாசியில் எழுதி மடித்துப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனேன். வாங்கில் ஒன்றரை மணித்தியாலம் இருந்த பிறகு போய்க் கேட்டேன். வழக்குப் போன கிழமையே முடிந்துவிட்டது, அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான், அதனால் சாட்சி தேவைப்படவில்லை என்றாள் அங்கே வேலை செய்த பிள்ளை. என்ன தண்டனை என்று கேட்டேன், அதற்கு வேறு இடத்தில் கேட்க வேண்டும் என்றாள். அவளில் பிழையில்லை. அந்தக் கத்தி என் கழுத்தில்தான் இருந்தது, ஆனால் அந்த வழக்கில் நான் ஒரு சாட்சி மட்டும்தான்.

அடுத்த வருஷத் தேர்தலில்தான் சக் காட்மன் என்ற பெயரைக் கேள்விப்பட்டேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சர்ரேக்காரர், தலைமுடியை நீளமாக வளர்த்துப் பின்னால் கட்டியிருப்பார். 1992 இல் அவருடைய 16 வயது மகனை வீதியில் வைத்து இன்னொரு பொடியன் குத்திக் கொன்றுவிட்டான். அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் அரசியலுக்கு வந்தார், ரிஃபோர்ம் கட்சியில் நின்று 1997 இல் வென்றார். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளோடு கதைப்பார். ரிவியில் அவரைப் பார்த்த அன்றைக்கு அம்மா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டா. 'நாங்கள் வாக்குப் போடாத கட்சி' என்று நான் சொல்ல, "அந்தாள் பிள்ளையைப் பறிகொடுத்தவர், பேசாமல் கேளுங்கோ" என்றா.

இளம் குற்றவாளிகளுக்குத் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் என்னால் தலையாட்ட முடியவில்லை. அந்த வருஷங்களில் ஸ்காபரோவில் எங்கள் பொடியன்களே கோஷ்டி சேர்ந்து வெட்டிக்கொண்டு திரிந்தார்கள், உனக்குத் தெரியும். செத்த வீட்டுக்கும் போனோம், பிடிபட்டவன் வீட்டுக்கும் போனோம், இரண்டு வீட்டிலும் தாய்மார் ஒரே மாதிரித்தான் சுவரில் சாய்ந்து இருந்தார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவனிடம் தேதியைச் சொல், என்ன நடந்தது என்று சொல், தீர்ப்புக்கு முன் அவன் சொல்வதைக் கேள் என்பதற்கும் அதிக வருஷம் உள்ளே போடு என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. நீ வேலை செய்கிற இடத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைப்பார்கள், கவனமாக இரு.

1999 இல் சட்டம் மாறியது. பாதிக்கப்பட்டவர் தன் வாக்குமூலத்தைத் தானே நீதிமன்றத்தில் வாசிக்கலாம், அப்படி ஒன்று கொடுக்கலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டதா என்று நீதிபதி கேட்க வேண்டும் என்று வந்தது. அப்புறம் 2015 இல் உங்கள் ஆட்களின் ஆட்சியில் உரிமைச் சட்டமே வந்தது. ஆனால் அந்த உரிமை மீறப்பட்டால் வழக்குப் போட முடியாது, முறைப்பாடுதான் கொடுக்கலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. உன் எம்.பி. உண்மையாகவே இதற்காக நிற்கிறவர் என்றால், முதலில் அதைக் கேட்கச் சொல்லு.

2005 மே 19 எனக்கு நல்ல ஞாபகம். விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முதல் வருஷம் காட்மனுக்குக் கட்சி வேட்பாளர் இடம் கிடைக்கவில்லை, சுயேச்சையாக நின்று வென்றிருந்தார். புற்றுநோய், வைத்தியம் நடந்துகொண்டிருந்தது, அந்த உடம்போடு ஒட்டாவாவுக்குப் பறந்து வந்து, தோற்றால் லிபரல் அரசு கவிழும் என்றிருந்த வாக்கெடுப்பில் அரசாங்கத்தின் பக்கம் எழுந்து நின்றார். தன் தொகுதிச் சனம் இப்போது தேர்தல் வேண்டாம் என்கிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். 152க்கு 152. சபாநாயகரின் வாக்கில் அரசு தப்பியது. அது செலவைக் கூட்டுகிற பட்ஜெட் மசோதா, துண்டை ஒழிப்போம் என்று வந்த கட்சியில் தொடங்கிய மனிதர் அதற்குக் கை கொடுத்தார். முன்னால் நின்ற டாக்சிக்காரச் சீக்கியர் இறங்கி வந்து என் கண்ணாடியைத் தட்டி "கேட்டாயா?" என்றார். ஜூலையில் காட்மன் போய்விட்டார், 57 வயது.

ஆக, எனக்குக் கோபமில்லை. வெட்டு என்று உன் எம்.பி. பேச எழுதிக் கொடுக்கும்போது, எந்தக் குசினியில் எத்தனை நாள் குறையும் என்று ஒருமுறை விசாரித்துவிட்டு எழுது. அடிபட்ட யாராவது தொகுதியிலிருந்து போன் எடுத்தால், வேறு ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும், வழக்குத் தேதியைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிடு.

அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா, சனிக்கிழமை அங்கே வருகிற மாமாவின் மகனிடம் கொடுத்துவிடுகிறோம். அன்றைக்கு நான் இங்கிலிஷில் எழுதிக் கொண்டுபோன கடதாசியையும் அதே பையில் வைத்திருக்கிறேன், பிளாஸ்ரிக் உறைக்குள். எழுத்துப் பிழைகள் இருக்கும். நேரம் கிடைத்தால் வாசி, பிறகு உன் மேசை லாச்சியில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா